வைக்கோற் புகை

கொக்கட்டிச்சோலைக்குப் போகும் பஸ் மண்முனைப் பாலத்தைத் தாண்டி வயல்வெளிக்குள் இறங்கியபோது அந்த மணம் ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியது. முதல்நாள் இரவு பெய்த மழையில் நனைந்த வைக்கோல். வெட்டு மெசின் விட்டுப்போனதை ஒருவர் தடியால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே மஞ்சளாகக் கிடந்தது புரண்டதும் உள்ளே கறுத்திருந்தது. ஆவி கிளம்பியது. ஆவியோடு சேர்ந்து சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு மெல்லிய தூளும் கிளம்பியது, புகை மாதிரி. அந்த மனிதர் ஒரு தும்மல் தும்மிவிட்டு வேலையைப் பார்த்தார்.

நான் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்தாள். வைக்கோல் மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறவளை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யாரும் ஊர்க்காரி என்று நினைக்கமாட்டார்கள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த மணத்துக்குள்தான் நான் வளர்ந்தேன். என் மாமா அதற்குள்தான் வாழ்ந்தார், அதற்குள்தான் வருத்தக்காரனும் ஆனார்.

அப்போது பாலம் இல்லை. வாவியைக் கடக்கப் 'பாதை'தான். வெளியூர்க்காரருக்கு இந்தச் சொல் விளங்காது. தண்ணீரில் மிதந்து ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் அக்கரை சேர்க்கும் தட்டுக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். மாசி பங்குனியில் பள்ளிக்கூட லீவு நாட்களில் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் ஏறுவா. அக்கரையில் மாமாவின் மாட்டுவண்டி நிற்கும். வண்டிக்குள் புதிய வைக்கோல் பரப்பியிருப்பார், பிள்ளைகளுக்குக் குத்தக்கூடாது என்று.

எங்கள் ஊர்களில் தாய்மாமனுக்கு உள்ள இடம் தகப்பனுக்கும் இல்லை என்று சொல்வார்கள். குடி தாய்வழியில் வருவது, வீடு பெண்ணுக்குப் போவது எல்லாம் சேர்ந்து வந்த பழக்கம் அது. என் மாமா அதை ஒரு பொறுப்பாக நினைத்தவர். அம்மாவின் வீட்டுக்குப் புது நெல் வந்து சேரும் வரைக்கும் தன் வீட்டில் புதுச்சோறு பொங்கமாட்டார்.

வேளாண்மை வெட்டி, கட்டுக் கட்டிச் சூடு வைத்து, பிறகு நாள் பார்த்துச் சூடடிப்பார்கள். களவெட்டியில் எருமைகள் சுற்றிவர, பின்னிரவில் பொலிப்பாட்டு கேட்கும். பெண்களை உள்ளே விடமாட்டார்கள். சாப்பாடு கொண்டுபோன நானும் அம்மாவும் வரம்பிலேயே நிற்போம். அங்கிருந்து பார்த்தால், அவுரி என்ற உயரப் பீடத்தின் மேல் ஏறி நின்று சுளகால் மாமா தூற்றுவது தெரியும். நெல் நேரே கீழே விழும். பதரும் தூசியும் காற்றோடு போகும். காற்று விழுந்துவிட்டால் அந்தத் தூசி முழுவதும் அவர் முகத்திலேயே திரும்பி அடிக்கும். மாமாவின் புருவம், மூக்குமயிர், காதோரம் எல்லாம் வெளுத்துப்போய், வேறு யாரோ ஒரு கிழவர் போல இறங்கி வருவார். வாடிக்குப் பின்னால் போய்க் காறித் துப்புவார். துப்பியது கறுப்பாக இருக்கும். "நெஞ்சுக்குள்ளயும் ஒரு களவெட்டி இருக்குப் புள்ள" என்று சிரிப்பார். அம்மா ஒரு துண்டுப் பனங்கட்டியும் இஞ்சித் தேத்தண்ணியும் கொடுப்பா. அதோடு அது முடிந்துவிடும்.

களவெட்டிக்கென்று தனிப் பேச்சு ஒன்று இருந்தது. அங்கே நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி. இல்லை, குறைந்துபோச்சு, முடிந்துபோச்சு என்ற சொற்கள் அந்த வட்டத்துக்குள் வாயில் வரக்கூடாது. வந்தால் பொலி குறைந்துவிடும். ஒருதரம் தம்பி வரம்பில் நின்று, "மாமா, தண்ணி முடிஞ்சிட்டு" என்று கத்தினான். களவெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அழுதேவிட்டான். மாமா அவனைத் தூக்கிவைத்து, "தண்ணி பெருகிட்டு எண்டு சொல்லணும் மனே" என்றார். கெட்டதைப் பேர் சொல்லிக் கூப்பிடாத அந்தப் பழக்கம் எவ்வளவு அழகானது என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

பிறகு எருமை போய் உழவு மெசின் வந்தது. சண்டைக் காலம் வந்தது. படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் நடுவில் வாவி மட்டுமல்லாமல் சோதனைச் சாவடிகளும் வந்தன. மாமா ஊரை விட்டு எழும்பவில்லை. நான் படித்து விஞ்ஞான ஆசிரியையாகி டவுனில் குடியேறினேன். வாவிக்கு மேலே ஜப்பான் உதவியோடு கட்டிய பாலத்தை 2014 இல் திறந்தார்கள். பாதை நின்றது. இனி நினைத்த நேரம் மாமாவைப் போய்ப் பார்க்கலாம் என்று நான் சந்தோசப்பட்ட மறுவருடந்தான் மாமா அந்தப் பாலத்தால் எங்கள் வீட்டுக்கு இருமிக்கொண்டு வந்தார்.

சுருட்டுப் பிடிக்கிற மனிதர். இருமல் புதிதல்ல. குரல் கட்டி ஒரு மாதமாக விடவில்லை என்பதுதான் புதிது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். வலது சுவாசப்பையின் மேற்பகுதியில் புற்றுநோய். மகரகமவுக்கு எழுதினார்கள். 1958 இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது அபேக்சா என்று பெயர். சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். ஆனால் எங்கள் ஊரில் அதை இன்றைக்கும் மகரகம என்றுதான் சொல்வார்கள். 'மகரகமவுக்குக் கொண்டுபோட்டாங்களாம்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்', அவ்வளவுதான். களவெட்டிப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது.

உதயதேவியில் ஏறி நானும் தம்பியும் மாமாவைக் கூட்டிப்போனோம். ஆறு கிழமை கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடித்தார்கள், இடையிடையே சேலைன் வழியாகக் கீமோ ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்து நான் சமைத்தேன். மாமாவுக்குச் சிங்களம் வராது. பக்கத்து அறையில் அனுராதபுரத்திலிருந்து வந்த ஒரு கமக்காரர் இருந்தார், அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் பின்னேரங்களில் முற்றத்தில் குந்தியிருந்து, கையால் காட்டிக் காட்டி வேளாண்மை பற்றிக் கதைப்பார்கள். ஒருநாள் அந்த மனிதர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிக் காட்டினார். மாமா தலையை ஆட்டி, தன் உள்ளங்கையைத் தண்ணீரால் நனைத்துக் காட்டினார். எங்கள் மண் களி, அதற்குத் தண்ணீர் வேண்டும் என்றாராம். எனக்கு அது விளங்கவில்லை, அவருக்கு விளங்கிவிட்டது.

கட்டி சுருங்கியது. ஊருக்கு வந்த பிறகு மூச்சு வாங்கியது, கரண்ட் பிடித்த இடம் உள்ளே வெந்து புண்ணாகியிருக்கிறது என்று பிரெட்னிசொலோன் குளிசை சில மாதம் கொடுத்தார்கள். பிறகு அதுவும் தேறியது. மூன்று வருடம் மாமா நன்றாக இருந்தார். சுருட்டை விட்டார். வேளாண்மையை விடவில்லை. கிளினிக்கில் யாரும் அவரிடம் வைக்கோலைப் பற்றிக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நாலாவது வருடம் மெலியத் தொடங்கினார். சாரத்தை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டினார். இருமல் திரும்பியது. ஒரு காலையில் மாமி துவாயைக் கொண்டுவந்து என்னிடம் விரித்துக் காட்டினா. வெற்றிலைச் சாறு என்று மாமா சொல்லியிருந்தார். அது வெற்றிலைச் சாறு இல்லை.

ஓரிடத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே நிழல் இருக்கிறது, திரும்பி வந்துவிட்டது, இந்த வயதில் இனி உடம்பை வருத்தாமல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? 'அந்த வருத்தம்' திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சளியைச் சோதிக்கவில்லையா, சதை எடுக்கவில்லையா என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். ஆசிரியை. பல்லாயிரம் பிள்ளைகளுக்கு 'காரணம் கூறுக' என்று கேள்வி போட்டவள். அந்த இரண்டரை மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அந்த இரண்டரை மாதமும் வீடு செத்தவீடு போல இருந்தது. கனடாவில் இருந்த மாமாவின் மகன் வந்து பார்த்துவிட்டுப் போனான். காணி உறுதி எழுதினார்கள். தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு மாமி நேர்ந்தா. வருகிறவர்கள் எல்லோரும் தயிர்ச்சட்டியோடு வந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையோ கதைத்துவிட்டுப் போனார்கள். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் மாமா என்னிடம், "என்னடாப்பா, எல்லாரும் களவெட்டிக்க நிண்டு கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாங்க?" என்று கேட்டார். நான் எழும்பிப் போய் அடுப்படியில் நின்றேன்.

ஒரு இரவு கோப்பை நிறைய ரத்தம் வந்தது. சாகத்தான் போகிறார் என்றாலும் ரத்தம் கக்கிச் சாகவிட முடியாதே என்று தம்பி வாகனம் பிடித்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்க மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை வாட்டுக்கு வந்த டொக்டர் ஒரு இளம் பிள்ளை. என் மாணவிகளின் வயது. மாமாவின் விரல்களைப் பார்த்தா, நெஞ்சைத் தட்டிப் பார்த்தா, பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "ஐயா என்ன தொழில் செய்தீங்க?" என்று கேட்டா. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. மாமாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் உற்சாகம் வந்துவிட்டது. உழுவதிலிருந்து தொடங்கினார். சூடடிப்பு வரைக்கும் அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டா.

ஸ்கேன் எடுக்கப் போனோம். மல்லாக்கப் படுக்க வைத்து ஒருதரம் எடுத்தார்கள். பிறகு உள்ளேயிருந்து யாரோ, "ஐயா, குப்புறக் கிறுகிப் படுங்க" என்றது கேட்டது. திரும்பு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் கிறுகு. மாமா கிறுகிப் படுத்தார். மறுபடி எடுத்தார்கள்.

பின்னேரம் டொக்டர் என்னைத் திரைக்கு முன்னால் கூட்டிப்போய் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினா. கரண்ட் பிடித்துக் கட்டி கரைந்த இடத்தில் ஒரு பொந்து இருந்தது. கறுப்பு வட்டம். அதற்குள் வெள்ளையாக ஓர் உருண்டை, விளாங்காய்க் கோதுக்குள் காய்ந்து கழன்ற உள்ளீடு மாதிரி. முதற் படத்தில் அது பொந்தின் முதுகுப் பக்கத்தில் கிடந்தது, அதற்கு மேலே பிறை வடிவில் காற்று. இரண்டாவது படத்தில் அதே உருண்டை நெஞ்சுப் பக்கத்துக்கு உருண்டு போயிருந்தது. "புற்றுநோய்க் கட்டியெண்டா சதையோட ஒட்டியிருக்கும் டீச்சர். ஆள் கிறுகினா அது கிறுகாது. இது கிறுகியிருக்கு."

உடனே தீர்ப்புச் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. இந்த உருண்டை ஒரு பங்கசாக இருக்கலாம், ஆனால் புற்றுநோயும் பங்கசும் ஒரே ஆளில் சேர்ந்தே இருக்கலாம், அதனால் இரண்டையும் தேட வேண்டும் என்றா. குழாய் விட்டுப் பார்த்துச் சதை எடுத்தார்கள். புற்றுநோய்க் கலம் இல்லை. காசத்துக்குச் சளி சோதித்தார்கள், அதுவும் இல்லை. சளியும் ரத்தமும் கொழும்பில் பொரளையில் உள்ள எம்.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. பதில் வந்தது: அஸ்பஜிலஸ் பியூமிகேட்டஸ்.

அந்தப் பெயரை வாசித்தபோது நான் வாட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பெயர். கரும்பலகையில் வருடா வருடம் நான் எழுதிய பெயர். ஈரப்பாண் துண்டை மூடிவைத்து நாலு நாளில் திறந்து, பிள்ளைகளுக்குக் காட்டுவேன்: கறுப்புப் பொட்டு உள்ளது ரைசோப்பஸ், நீலப்பச்சைத் தூள் உள்ளது பெனிசிலியம் அல்லது அஸ்பஜிலஸ். எல்லாம் பங்கசு இராச்சியம். பெனிசிலினைப் பற்றிச் சொல்வேன், பாண்மா புளிப்பதைப் பற்றிச் சொல்வேன். அதே தூளை மாமாவின் புருவத்தில் பார்த்து வளர்ந்தவள் என்று எனக்குள் ஒருநாளும் முடிச்சுப் போட்டதில்லை. வீட்டில் அது பூஞ்சணம். பள்ளிக்கூடத்தில் பங்கசு. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்கு ஆஸ்பத்திரி வாட்டில்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அஸ்பஜிலஸ் என்ற பெயரை வைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கேலி என்ற பாதிரியார், தாவரவியல் அறிஞர். 1729 இல் பூஞ்சணத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது, காம்பின் நுனியில் உருண்டைத் தலையும் அதிலிருந்து சிதறும் மணிகளும் அவருக்குக் கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை நினைவூட்டியிருக்கின்றன. அதன் பெயரையே வைத்துவிட்டார். புளியந்தீவில் மரியாள் பேராலயத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இப்போது அது ஞாபகம் வரும். தெளித்தல் என்பது எவ்வளவு சரியான சொல்! பியூமிகேட்டஸ் என்றால் புகை நிறத்தது. 1863 இல் ஜெர்மனியில் பிரெசேனியஸ் அந்தப் பெயரைச் சேர்த்தார். ஆக, அதை வைக்கோலில் பார்த்த யாருக்கும் முதலில் தோன்றுவது புகைதான் போலும்.

அதன் வித்தி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. தலைமயிர் ஒன்றின் குறுக்கே இருபது முப்பதை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சிறியதால்தான் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் சுவாசப்பையின் கடைசி நுனிவரை போகிறது. நாமெல்லோரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் உள்ளிழுக்கிறோம், காவற்கலங்கள் விழுங்கிவிடுகின்றன. நனைந்த வைக்கோற் குவியல் உள்ளே சூடேறும் அல்லவா, மாமா அதற்குள் கைவிட்டு 'அடுப்பு மாதிரி இருக்கு' என்பார். மற்றப் பல பூஞ்சணங்கள் செத்துப்போகும் அந்தச் சூட்டில், ஐம்பது பாகை செல்சியசில்கூட இது வளரும். மனித உடம்பின் முப்பத்தேழு அதற்கு இதமான வீடு.

வீட்டில் புகப் பொந்து வேண்டும். காலங்காலமாகக் காசநோய் அந்தப் பொந்தை விட்டுப்போகிறது. 1842 இலேயே எடின்பரோவில் பென்னெற் என்ற மருத்துவர் காசத்தால் இறந்த ஒருவரின் சுவாசப்பையில் பூஞ்சணத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். இன்று புற்றுநோய்ச் சிகிச்சையும் அந்தப் பொந்தை விட்டுப்போகிறது. கட்டியை வெட்டி எடுத்தாலும் இடம் விடும், கரண்ட் பிடித்துக் கரைத்தாலும் தழும்பும் குழியும் விடும். கீமோ ரத்தத்தின் வெள்ளைக் கலங்களைக் குறைக்கும். மூச்சுக்காகக் கொடுக்கிற பிரெட்னிசொலோன் காவலைத் தூங்கவைக்கும். கீமோ நடக்கும்போது வெள்ளைக் கலம் அடியோடு விழுந்தவர்களிடம் இந்தப் பங்கசு நாட்கணக்கில் சதைக்குள் பாய்ந்து கொல்லும். மாமாவுக்கு வந்தது மற்ற வகை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல அரிப்பது. இருமல், மெலிவு, ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல்: புற்றுநோய் திரும்பி வந்தால் என்னென்ன நடக்குமோ அத்தனையும். அதனால்தான் ஏமாந்தோம். நாங்கள் மட்டுமல்ல, உலகம் எங்கும் இப்படி ஏமாறுகிறார்கள்.

எங்கள் நாட்டுக்கு இந்த அஸ்பஜிலஸ் புதிதல்ல என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 2005 நடுப்பகுதியில், கொழும்பில் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெறுவதற்காக முள்ளந்தண்டில் ஊசி போடப்பட்ட ஐந்து தாய்மாருக்கு இந்தப் பங்கசால் மூளைக்காய்ச்சல் வந்தது. சிலர் பிழைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு குவிந்த உதவிப் பொருட்களோடு ஈரமான களஞ்சியத்தில் கிடந்த ஊசிகள் மேல் சந்தேகம் விழுந்தது. கடல் எங்கள் நாவலடியையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போன அதே சுனாமி. ஆறு மாதம் கழித்து, கடலே படாத ஒரு தாயை அது எந்த வழியால் வந்து தொட்டிருக்கிறது என்று நினைத்து அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

மருந்து இட்ராகொனசோல். காலையில் இரண்டு, இரவில் இரண்டு குளிகை. குறைந்தது ஆறு மாதம். மாமாவுக்கு அது இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. உருண்டை கரையும் என்று டொக்டர் சொல்லவில்லை. வெட்டி எடுப்பதுதான் உருண்டைக்கு முழுத் தீர்வு, ஆனால் கரண்ட் பட்ட சுவாசப்பையை வெட்டும் பலம் ஐயாவுக்கு இல்லை, மருந்தால் அடக்கி வைத்திருப்போம் என்றா. அந்த நேர்மை மாமாவுக்குப் பிடித்துவிட்டது. நோயின் பெயரை, புற்றுநோய் என்பதையும் சேர்த்து, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவரிடமே சொன்ன முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். மாமா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இது பூஞ்சணம். சாகிறதுக்கு ஆயத்தமானது வேற வருத்தத்துக்கு" என்றார். அன்றைக்குத்தான் பல கிழமைக்குப் பிறகு சோறு கேட்டார்.

முதல் மூன்று மாதம் மருந்து பிடிக்கவில்லை. ஏனென்று தெரியாமல் எல்லோரும் குழம்பினோம். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற தம்பி ஒருவர் மாமாவின் குளிசைப் பையைக் கொட்டிப் பார்த்து, வயிற்றெரிவுக்குப் போடுகிற ஒமெப்பிரசோலைத் தனியே எடுத்து வைத்தார். இந்தக் குளிகை கரைவதற்கு வயிற்றில் புளிப்பு வேண்டும், நீங்கள் ஒரு பக்கம் புளிப்பைக் கொன்றுவிட்டு மறுபக்கம் குளிகையை விழுங்குகிறீர்கள் என்றார். டொக்டரிடம் கேட்டு அதை நிறுத்தினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன், ஒரு கிளாஸ் கோலாவோடு போடச் சொன்னார்கள். வாழ்நாளில் சோடா குடிக்காத மனிதர், இரவுச் சோற்றுக்குப் பிறகு கோலாவைக் கஷாயம் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று போத்தலின் அடியில் மிச்சம் வருமா என்று பார்க்கும். நாலு மாதத்தில் ஆறு கிலோ ஏறினார். துவாயில் சிவப்பு நின்றது.

கொரோனா வந்தபோது எல்லோரும் முகக்கவசம் போட்டார்கள். மாமா மட்டும் தனித்துத் தெரியாமல் போனது ஒரு ஆறுதல். 2021 இல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை என்று தொலைக்காட்சி அலறியது. ஜூலைக்குள் அங்கே 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பக்கத்து வீட்டார் மாமாவின் முற்றத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். நான் போய், அது பாணில் வளருகிற ரைசோப்பசின் கூட்டம், மாமாவுக்குள்ளது வேறு கூட்டம், இரண்டுமே ஆளுக்கு ஆள் தொற்றாது என்று வீடு வீடாகச் சொன்னேன். ஓய்வுபெற்ற பிறகு நான் எடுத்த மிக நல்ல பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். மறுவருடம் நாடு வங்குரோத்தானது. எண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. பாமசி பாமசியாக இட்ராகொனசோல் தேடி அலைந்தோம். கனடாவிலிருந்து மகன் பார்சல் அனுப்பினான். அனுப்ப மகன் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்காமல் அந்தப் பார்சலை என்னால் பிரிக்க முடிந்ததில்லை. இட்ராகொனசோலும் வொரிகொனசோலும் 2017 இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. 2022 இல் அதே நிறுவனம் மிக ஆபத்தான பங்கசுகள் என்று நாலைக் குறித்தது. அதில் எங்கள் புகை நிறக்காரனும் ஒன்று. பட்டியலில் இருந்த மருந்து பாமசித் தட்டில் இல்லை.

இத்தனையிலும் மாமாவுக்குக் கடினமாக இருந்தது குளிசையோ கோலாவோ இல்லை. வைக்கோலுக்குக் கிட்டப் போகக்கூடாது, நெல் மூட்டை கொட்டுகிற இடத்தில் நிற்கக்கூடாது, மாட்டுக்கொட்டில் கூட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னதுதான். "வேளாண்மைக்காரன் வைக்கோலுக்குப் பயந்து ஒளிக்கிறதா?" என்று என்னோடு சண்டை பிடித்தார். அறுவடை நேரத்தில் மாமி அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவா. டவுனில், கல்லடிப் பாலத்தடியில் போய் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படுவான்கரை இருக்கிற பக்கம்தான் பார்ப்பார்.

ஒரு பெரும்போகத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மாதம் கிளினிக்கில் நல்லாயிருக்கு என்று சொல்லியிருந்தார்கள். இறுக்கமான நல்ல முகக்கவசம் ஒன்று போட்டு, தம்பியின் ஓட்டோவில் மாமாவைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். வயலுக்குள் போகவில்லை. வரம்பிலேயே நின்றோம், சின்ன வயதில் நானும் அம்மாவும் சோற்றுப் பெட்டியோடு நின்ற மாதிரி. களவெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. வெட்டு மெசின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் கதிரை விழுங்கிப் பின்னால் வைக்கோலைத் துப்பியது. அதைச் சுற்றித் தூசி ஒரு வீடு அளவுக்கு எழும்பி நின்றது. அதை ஓட்டிய பொடியன் வாயும் மூக்கும் திறந்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாமா அந்தப் பொடியனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கவசத்துக்குள்ளிருந்து, "காத்து எங்காலப் பக்கம் புள்ள?" என்று கேட்டார். நான் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன். வாடைதான், எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. தூசி எங்களை விட்டு அங்கால் போனது. "அப்ப கொஞ்சம் நிப்பம்" என்றார்.

மெசின் வந்து நின்று, பெட்டிக்குள் நெல்லைக் கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் மாமாவின் வலது கை தானாக எழும்பியது, சுளகு பிடிக்கிற மாதிரி. கவசம் ஒருதரம் உள்ளே போய் வெளியே வந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பொலி என்றுதான் சொல்லியிருப்பார். திரும்பிப் போகும்போது ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, தன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த மற்றக் கவசத்தை எடுத்து, "இதை அந்தப் பொடியனுட்டக் குடுத்திட்டு வா மனே" என்று தம்பியிடம் நீட்டினார்.